பிடித்த குழு பாணியை மாற்றினால் மனம் ஏன் இரண்டாகிறது? ஓபெத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்தில் மெட்டல் என்ற கனத்த ராக் இசையைக் கேட்பவர்கள் சின்னக் கூட்டம்தான். ஆனால் கேட்கிறவர்கள் ஊன்றிக் கேட்கிறார்கள். சுவீடன் நாட்டு ஓபெத் குழுவைப் பற்றி அவர்களிடம் பேச்செடுத்தால், "2011-க்கு முந்தினதா, பிந்தினதா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார்கள். அந்த ஆண்டில் குழு தன் பாணியை மாற்றிக்கொண்டது. உறுமல் குரலுக்குப் பேர்போன குழு, உறுமலே இல்லாத ஆல்பத்தைக் கொண்டுவந்தது. அன்றைக்கு ஆரம்பித்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை.

வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு இது விளங்காத சங்கதி. பிடிக்கவில்லை என்றால் வேறு குழுவைக் கேட்டுவிட்டுப் போகலாமே என்று தோன்றும். அதைவிடக் குழப்பம், ஒரே ஆள் இரண்டு விதமாகப் பேசுவது. "இவங்க இப்படிப் பண்ணியிருக்கக் கூடாதுடா" என்று நண்பனிடம் அலுத்துக்கொள்பவர், ராத்திரி அதே ஆல்பத்தை ஹெட்போனில் கடைசிவரை கேட்பார். இந்த இரட்டை மனத்துக்குத் தெளிவான காரணங்கள் உண்டு. அவற்றைப் பார்க்கும் முன், மெட்டல் ஒலி எவற்றால் ஆனது என்பதைக் கொஞ்சம் நிதானமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மெட்டல் ஒலியின் ஐந்து அடுக்குகள்

மெட்டலின் தொடக்கம் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்வது பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பத்தை. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து இளைஞர்கள் நால்வர் சேர்ந்து செய்தது. 1970 பிப்ரவரி 13 அன்று வெளியானது. அதில் கிட்டார் வாசித்த டோனி அயோமி, 17 வயதில் உலோகத் தகட்டு ஆலையில் வேலை பார்த்தபோது வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால், தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே போயின. விரல் நுனிக்கு உறை செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகளைப் போட்டார். சில ஆண்டுகளில் சுருதியையும் இறக்கினார். தந்தி தளர்ந்தது, விரலுக்கு வலி குறைந்தது, ஒலி கனத்தது. மெட்டலின் அடையாளமாக இன்று நினைக்கும் அந்தக் கனத்தில் ஒரு பங்கு, ஒருவர் தன் கைக்கு ஏற்றபடி வாசிப்பை மாற்றிக்கொண்டதால் வந்தது. பாணி மாற்றத்தைத் துரோகம் என்று பேசுகிறவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அந்த ஒலியை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம்:

1. கிட்டாரின் கரகரப்பு. ஆம்ப்ளிஃபயர் தாங்கும் அளவுக்கு மேல் சிக்னலை அனுப்பினால் ஒலியலையின் முகடுகள் வெட்டுப்படும். அப்படி வெட்டுப்பட்ட அலையில், மூல ஸ்வரத்தோடு புதிதாகப் பல மேல் ஒலிகள் சேர்ந்துகொள்ளும். இதுதான் டிஸ்டார்ஷன். இந்த நிலையில் பல ஸ்வரங்களை ஒன்றாக மீட்டினால் எல்லாம் குழம்பிப்போகும். அதனால் ஆதார ஸ்வரத்தையும் அதன் ஐந்தாம் ஸ்வரத்தையும் மட்டும் சேர்த்து வாசிப்பார்கள். நம் கணக்கில் ஷட்ஜமும் பஞ்சமமும், தம்புராவில் கேட்கும் அதே இணை. இதற்கு பவர் கார்டு என்று பெயர். இப்படி மீட்டியதைத் திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்காகக் கோத்தால் அது ரிஃப்.

2. தாளம். இரண்டு காலாலும் மாறி மாறி அடிக்கும் பேஸ் டிரம்தான் மெட்டலின் நெஞ்சடிப்பு. வேகம் மட்டுமே இதன் விஷயம் என்று நினைக்க வேண்டாம். எங்கே நிறுத்துகிறார்கள், எங்கே எடுக்கிறார்கள் என்பதில்தான் ரசிகர்களுக்கு உயிர்.

3. குரல். சாதாரணமாகப் பாடும்போது குரல்நாண்கள் அதிரும். உறுமலில் அவற்றுக்கு மேலே இருக்கும் போலிக் குரல்நாண்களும் சேர்ந்து அதிரும். முறை தெரியாமல் செய்தால் தொண்டை கெட்டுவிடும். உறுமல் இல்லாமல் பாடுவதை ரசிகர்கள் கிளீன் குரல் என்பார்கள்.

4. கட்டமைப்பு. பல்லவி திரும்பி வரும் நாலு நிமிடப் பாட்டா, பத்து நிமிடத்துக்குப் போக்கு மாறிக்கொண்டே போகும் பாட்டா?

5. பதிவும் தோற்றமும். ஸ்டூடியோவில் எதை முன்னால் வைத்தார்கள், அட்டைப்படம், உடை, முடி, பாட்டு பேசும் விஷயம் எல்லாம் இதில் சேரும்.

ரசிகர் ஒரு குழுவை நேசிக்கும்போது இந்த ஐந்தும் ஒன்றாகத்தான் காதில் விழுகின்றன. ஆனால் ஒவ்வொருவரையும் உள்ளே இழுத்த அடுக்கு வேறு. இருவரும் ஒரே ஆல்பத்தை உயிராக நினைப்பார்கள். ஒருவர் குரலுக்காக, மற்றவர் பாட்டின் நடுவே திடீரென வரும் மென்மையான கிட்டாருக்காக. குழு மாறாமல் இருக்கும்வரை இந்த வேறுபாடு அவர்களுக்கே தெரியாது. ஏதாவது ஒரு அடுக்கை உருவி எடுக்கும்போதுதான் யார் எதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது வெளியே வருகிறது. ரசிகர் கூட்டம் பிளவுபடுவதற்கு என் கணக்கில் முதல் காரணம் இதுதான்.

ஓபெத்தில் மாறியது குரல் மட்டும்தானா?

ஓபெத் 1990 வாக்கில் ஸ்டாக்ஹோமில் உருவான குழு. பாடகரும் கிட்டார் கலைஞருமான மிக்கேல் ஓக்கர்ஃபெல்ட்தான் பெரும்பாலான பாடல்களை எழுதுகிறார். டெத் மெட்டல் (மெட்டலில் மிகக் கனத்த, உறுமிப் பாடும் பிரிவு) உறுமலும் கிளீன் குரலும், கனத்த ரிஃபும் நாட்டுப்புற மெட்டு போன்ற இதமான கிட்டாரும் ஒரே பாட்டுக்குள் வந்து போவது இவர்களின் தனி அடையாளம். 2001-இல் வந்த 'பிளாக்வாட்டர் பார்க்' ஆல்பம் இதன் உச்சம் என்பதில் ரசிகர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அதன் தயாரிப்பில் போர்க்குபைன் ட்ரீ குழுவின் ஸ்டீவன் வில்சனும் கூட இருந்தார்.

அடுத்து வந்த இரண்டு ஆல்பங்களைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். 2002-இல் 'டெலிவரன்ஸ்', 2003-இல் 'டாம்னேஷன்'. இரண்டையும் ஒரே காலகட்டத்தில் பதிவு செய்தார்கள். முதலாவது கனத்தது. இரண்டாவதில் உறுமலே கிடையாது, கனத்த கிட்டாரும் கிடையாது. அதற்காகப் பெரிய எதிர்ப்பு எதுவும் கிளம்பவில்லை. பலருக்கு இன்றும் அது செல்ல ஆல்பம். கனத்த ஆல்பம் ஏற்கனவே கையில் இருந்ததால், மென்மையான ஆல்பம் கூடுதலாகக் கிடைத்த சொத்தாகத் தோன்றியது. எதுவும் பறிபோகவில்லை.

2009-இல் சென்னை ஐஐடியின் சாரங் விழாவில் ஓபெத் வாசித்தது. அப்போது அவர்களின் புதிய ஆல்பம் 2008-இல் வந்த 'வாட்டர்ஷெட்'. தமிழ்நாட்டு ரசிகர்களின் கண்முன் அந்தக் குழு நின்றது, கனத்த காலத்தின் கடைசிக் கட்டத்தில். அது கடைசிக் கட்டம் என்று அன்று யாருக்கும் தெரியாது. நம் பக்கத்து ரசிகர்களுக்கு 2011 ஏமாற்றம் கூடுதலாக உறைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

2011 செப்டம்பரில் 'ஹெரிட்டேஜ்' வந்தது. கேட்டவுடன் எல்லோரும் சொன்னது, "உறுமலை விட்டுட்டாங்க." ஆனால் அடுக்கு அடுக்காகப் பார்த்தால் மாறியது அதைவிட அதிகம். கிட்டாரின் கரகரப்பு குறைந்து 1970-களின் ராக் கிட்டார் போல மெலிந்தது. டிரம்ஸ் ஜாஸ் பக்கம் சாய்ந்தது. பழைய ஆர்கனும் மெல்லோட்ரானும் முன்னால் வந்தன. மெல்லோட்ரான் என்பது 1960-களில் வந்த ஒரு கீபோர்டு. ஒவ்வொரு கட்டையின் கீழும் ஏற்கனவே பதிவான காந்த நாடா ஒன்று இருக்கும், கட்டையை அழுத்தினால் சுமார் 8 விநாடிக்கு அது ஓடும். அந்தக் காலத்து ப்ராக் ராக் (நீண்ட, சிக்கலான அமைப்புள்ள ராக்) குழுக்களின் முத்திரை ஒலி அது. பாடல்கள் ஒரு நினைப்பில் இருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போயின.

அட்டைப்படத்தை வரைந்த டிராவிஸ் ஸ்மித் இந்த மாற்றத்தை வெளிப்படையாகவே காட்டியிருந்தார். மரம் ஒன்று, அதில் குழு உறுப்பினர்களின் தலைகள் பழங்களாகத் தொங்குகின்றன. விலகிப்போன கீபோர்டு கலைஞரின் தலை கீழே விழுந்துகொண்டிருக்கிறது. மரத்தடியில் பழைய உறுப்பினர்கள் மண்டையோடுகளாகக் கிடக்கிறார்கள். வேர்கள் கீழே நரகம் வரை போகின்றன. வேர் டெத் மெட்டலில்தான் இருக்கிறது, மரம் வேறு பக்கம் வளர்கிறது என்று அதை வாசிக்கலாம்.

பழி எல்லாம் உறுமல் மேல் விழுந்தது சரியில்லை என்பது என் முடிவு. உறுமல் இல்லாததுதான் கோபத்துக்குக் காரணம் என்றால் 2003 ஆல்பத்தையும் வெறுத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் இருக்கும் வேறுபாடு வேறு. 2003-இல் ஒவ்வொரு பாட்டும் ஒரே மனநிலையில் ஊறி நின்றது. 2011-இல் பல பாடல்கள் துண்டு துண்டாக நிற்கின்றன, கிட்டாரும் மெலிந்துவிட்டது. பலரும் தங்களுக்குத் தெரியாமல் முதல் அடுக்கையும் நான்காம் அடுக்கையும்தான் தேடினார்கள். ஆனால் சட்டென்று பெயர் சொல்ல முடிந்தது உறுமலை மட்டுமே.

எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது அந்த ஆண்டின் இசைப்பயணம். மேடையில்கூட உறுமல் இல்லாத பாடல்களையே வாசித்தார்கள். புது ஆல்பம் பிடிக்காவிட்டாலும் பழைய பாடல்களையாவது நேரில் கேட்கலாம் என்று வந்தவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. பிற்பாடு பழைய பாடல்கள் உறுமலோடு மேடைக்குத் திரும்பின.

குழுக்கள் ஏன் மாறுகின்றன

பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் நான்கு: உடல் ஒத்துழைக்காதது, ஆட்கள் மாறுவது, அலுப்பு, சந்தை. ஓபெத் விஷயத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம்.

1. தொண்டை போய்விட்டது என்று அன்று பலர் பேசினார்கள். அது நிற்காது. ஓக்கர்ஃபெல்ட் 2012 வரை பிளட்பாத் என்ற இன்னொரு டெத் மெட்டல் குழுவின் பாடகராகவும் இருந்தார். அங்கே வேலையே உறுமுவதுதான்.

2. ஆட்கள் மாறியது உண்மை. டிரம்மர் மார்ட்டின் லோப்பஸ் 2006-இலும், கிட்டார் கலைஞர் பீட்டர் லிண்ட்கிரென் 2007-இலும் விலகினார்கள். ஆனாலும் அதன் பிறகு வந்த 2008 ஆல்பம் கனத்ததாகவே இருந்தது. இது துணைக் காரணம்தான்.

3. அலுப்பு. இதில்தான் விஷயம் இருக்கிறது. ஓக்கர்ஃபெல்ட் 1970-களின் ப்ராக் ராக் இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர். 2008 ஆல்பத்தின் போக்கிலேயே புதுப் பாடல்களை எழுத ஆரம்பித்து, அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் இருந்து தொடங்கினார். அதே அச்சில் இன்னொன்று வார்க்கும் திறமை அவரிடம் இருந்தது. மனம் இல்லை.

4. சந்தை. "விலைபோயிட்டாங்க" என்பது மெட்டல் உலகத்தின் மிகப் பழைய வசவு. ஆனால் 2011-இல் மெல்லோட்ரானை வைத்து நாற்பது வருடத்துக்கு முந்தைய பாணியில் ஆல்பம் போடுவது பணம் பார்க்கும் வழியாக யாருக்கும் தோன்றாது.

இந்த நான்காவது குற்றச்சாட்டு யாருக்குப் பொருந்தும் என்று கேட்டால், எல்லோர் விரலும் மெட்டாலிகாவை நோக்கி நீளும். 1980-களில் த்ராஷ் என்ற வேகமான, சிக்கலான மெட்டல் பாடல்களால் வளர்ந்த குழு. 1991 ஆகஸ்ட் 12-இல் கருப்பு அட்டையோடு வந்த ஆல்பத்தில் தயாரிப்பாளர் பாப் ராக்கோடு சேர்ந்து வேகத்தைக் குறைத்தது, பாடல்களைச் சுருக்கியது, குரலை முன்னால் கொண்டுவந்தது. அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதை அவர்கள் பெரிய கூட்டத்தை மனத்தில் வைத்துச் செய்தார்கள் என்பதும் உண்மை. அது நன்றாகச் செய்யப்பட்ட ஆல்பம் என்பதும் உண்மை. இதில் ஒன்று உண்மையானால் மற்றது பொய்யாகிவிடும் என்று வாதாடுவதால்தான் முப்பது வருடமாக அந்தப் பேச்சு முடியவில்லை.

எல்லா மாற்றத்துக்கும் கோபம் வருவதில்லை

மெட்டல் ரசிகர்கள் மாற்றத்தையே வெறுக்கிறார்கள் என்று சொல்பவர்களுக்கு நல்ல பதில் டெத் என்ற அமெரிக்கக் குழு. சக் ஷுல்டினர் நடத்தியது. 1987-இல் ரத்தமும் பிணமுமாக நேரடியான டெத் மெட்டலில் ஆரம்பித்தது. 1991-க்குள் தாளம் சிக்கலாகிவிட்டது, பாட்டின் விஷயம் மனித மனத்தின் பக்கம் திரும்பிவிட்டது. 1998-இல் வந்த கடைசி ஆல்பத்தை முதல் ஆல்பத்தோடு வைத்துக் கேட்டால் ஒரே குழுவா என்று சந்தேகம் வரும். குரல்கூட ஆழத்தை விட்டு மேலே ஏறிவிட்டது. ஷுல்டினர் 2001-இல் இறந்தார். இத்தனை பெரிய மாற்றத்தைத் துரோகம் என்று சொல்பவர்கள் மிகக் குறைவு. கடைசி ஆல்பங்களைத்தான் பலர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

இதில் இருந்து தெரிவது, மாற்றம் எந்தத் திசையில் போகிறது என்பதுதான் ரசிகருக்கு முக்கியம். சிக்கலை நோக்கியோ கனத்தை நோக்கியோ போனால் அது வளர்ச்சி. எளிமையை நோக்கியோ மென்மையை நோக்கியோ போனால் அது சறுக்கல். இந்த அளவுகோல் நியாயமானதா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. மென்மையாக எழுதுவதற்கும் கைத்திறன் வேண்டும். ஆனால் அளவுகோல் இருக்கிறது, வேலை செய்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தக் கோபத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

கனத்துக்குத் திரும்பினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. 2003-இல் மெட்டாலிகா முரட்டு ஒலிக்குத் திரும்பியது. ஆனால் கிட்டார் சோலோவே வைக்கவில்லை, ஸ்னேர் டிரம் தகரத்தைத் தட்டுவது போலக் கேட்டது. ரசிகர்கள் கேட்ட கனம் வந்தது, அவர்கள் நேசித்த வேறு இரண்டு விஷயங்கள் போயின. அந்த ஸ்னேர் ஒலியைப் பற்றிய புலம்பலை இன்றும் கேட்கலாம்.

இன்னும் இரண்டு குழுக்கள். சுவிட்சர்லாந்தின் கெல்டிக் ஃப்ராஸ்ட் 1988-இல் தன் இருண்ட ஒலியை விட்டுவிட்டு அந்தக் காலத்துப் பளபளப்பு ராக்கின் உடையையும் ஒலியையும் எடுத்துப் போட்டுக்கொண்டது. குழுத் தலைவரே பிற்பாடு அந்த ஆல்பத்தை ஒதுக்கித் தள்ளினார். இங்கிலாந்தின் பாரடைஸ் லாஸ்ட் 1999-இல் 'ஹோஸ்ட்' என்ற ஆல்பத்தில் கனத்த கிட்டாரைக் கிட்டத்தட்ட முழுசாகக் கைவிட்டு மின்னணு இசைக்குப் போனது. ரசிகர்கள் திகைத்தார்கள். குழு படிப்படியாகக் கனத்துக்குத் திரும்பி, 2015-இல் உறுமலையும் மீட்டது. ஆனால் 2023-இல் அந்தக் குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞரும் 'ஹோஸ்ட்' என்ற பெயரிலேயே தனியாக ஒரு மின்னணு இசைக்குழுவாக ஆல்பம் வெளியிட்டார்கள். 1999-இல் செய்தது கணக்குப் போட்டுச் செய்த காரியமாக இருந்திருந்தால், 24 வருடம் கழித்து அந்தப் பெயரை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். மாற்றம் உள்ளே இருந்து வந்ததா, வெளியே பார்த்து வந்ததா என்பது இப்படிக் காலம் போன பிறகுதான் தெரியும்.

செட்டிநாட்டுக்குத் தெரிந்த இரண்டு வழக்குகள்

இசைப் பாணியை வைத்துப் பேசிக்கொள்வது இந்த ஊர்ப் பக்கத்துக்குப் புதிதில்லை. நகரத்தார் ஆதரவில் காரைக்குடியில் வாழ்ந்த வீணைச் சகோதரர்கள் சுப்பராமய்யரும் சாம்பசிவய்யரும். அண்ணன் வீணையை நிமிர்த்தி வைத்து வாசிப்பார். தம்பி எல்லோரையும் போலக் கிடத்தி வாசிப்பார். பார்வைக்கு இரண்டு விதம், காதுக்கு ஒரே வழி. சாம்பசிவய்யர் பின்னாளில் கலாக்ஷேத்திராவில் கற்பித்தார். அவரிடம் சிறு வயதிலேயே சேர்ந்த ரங்கநாயகி ராஜகோபாலன் அந்த வாசிப்பைக் கடைசிவரை காப்பாற்றினார். காரைக்குடி பாணி என்று இன்றும் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள்.

அங்கே ரசிகர் எதிர்பார்ப்பது தொடர்ச்சி. கீர்த்தனை ஏற்கனவே இருக்கிறது, ராகம் இருக்கிறது; வாசிக்கிறவர் அதற்குள் எவ்வளவு ஆழம் போகிறார் என்பதே பேச்சு. மெட்டல் குழுவுக்கு அந்த வசதி கிடையாது. தன் பாட்டைத் தானே எழுத வேண்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுசாகக் கொண்டுவர வேண்டும். முந்தையதைப் போலவே இருந்தால் "சரக்கு தீர்ந்துபோச்சு", மாறினால் "கெட்டுப்போச்சு". பாணியைக் காப்பாற்றச் சொல்லும் ரசிகரும் புதுசு கேட்கும் ரசிகரும் ஒரே ஆளாகவே இருப்பதால் இந்தச் சிக்கல் ஒவ்வொரு ஆல்பத்துக்கும் திரும்ப வருகிறது.

இரண்டாவது வழக்கு தமிழிசை இயக்கம். கச்சேரிகளில் தெலுங்கு, சமஸ்கிருதக் கீர்த்தனைகளே பெரும்பகுதி; தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடாவாக வரும் என்ற நிலை இருந்தது. 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய மாநாடு தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் கேட்டது. 1943-இல் தமிழ் இசைச் சங்கம் அமைந்தது. முன்னின்றவர் கானாடுகாத்தானில் பிறந்த ராஜா சர் அண்ணாமலை செட்டியார். சென்னை மியூசிக் அகாடமி வட்டாரம், இசைக்கு மொழி வேலி போடக் கூடாது என்று எதிர்வாதம் வைத்தது. ராகத்தில் மாற்றம் இல்லை, தாளத்தில் மாற்றம் இல்லை. சொல் மாறுவதற்கே இத்தனை பெரிய விவாதம்.

அங்கே மாற்றம் கேட்டவர்கள் கேட்பவர் பக்கத்தில் நின்றார்கள், தயங்கியவர்கள் மேடைக்கு நெருக்கமானவர்கள். மெட்டலில் இது தலைகீழ்: மேடையில் நிற்பவர் மாறுகிறார், கீழே நிற்பவர் தடுக்கிறார். ஆனால் இரண்டிலும் கேள்வி ஒன்றுதான். இந்த இசை யாருடையது? பாடுகிறவருடையதா, அதைத் தன் வாழ்க்கையோடு சேர்த்துக்கொண்டவருடையதா? தமிழிசை விஷயத்தில் கேட்பவருக்கும் உரிமை உண்டு என்று இந்த ஊர் உரக்கச் சொன்னது. அதைச் சரி என்று ஏற்கிறவர்கள், ஓபெத் ரசிகரின் வருத்தத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிட முடியாது.

சின்ன ஊரில் இழப்பு ஏன் கூடுதலாக உறைக்கிறது

சென்னையிலும் பெங்களூரிலும் மெட்டல் குழுக்கள் உண்டு, மேடைகள் உண்டு. மெட்டாலிகாவே 2011 அக்டோபர் 30-இல் பெங்களூரில் வாசித்தது. ஒரு குழு மாறிப்போனால் அடுத்த வாரம் வேறொன்றைக் கேட்கப் போகலாம். காரைக்குடியில் அப்படி இல்லை. இந்த இசை இங்கே வந்தது கல்லூரி விடுதி வழியாக, சீனியர் கொடுத்த பென் டிரைவ் வழியாக, வெளியூரில் வேலைக்குப் போன அண்ணன் ஹார்ட் டிஸ்கில் கொண்டுவந்தது வழியாக. கையில் கிடைத்த ஏழெட்டுக் குழுக்களையே வருடக்கணக்கில் கேட்டார்கள். அதில் ஒன்று பாணி மாறினால் பாதி உலகம் போன மாதிரி.

வீடும் இதில் சேரும். நாலு பக்கமும் அறை, நடுவில் திறந்த முற்றம் என்று கட்டிய வீட்டில் சத்தமாகப் பாட்டு வைத்தால் கடைசிக் கட்டு வரை கேட்கும். "ஏன்டா, இவனுக்கு என்ன வலி, இப்படிக் கத்துறான்?" என்று கேட்காத அப்பத்தா இல்லை. பெரியவர்களுக்குப் பிடிக்காத இசை என்பதே பதினெட்டு வயதில் பெரிய பலம்; சொந்தமாகத் தேர்ந்தெடுத்த முதல் பொருள் அது. பிறகு அதே குழு உறுமலை விட்டுவிட்டு இதமாகப் பாடுகிறது. வீட்டில் யாரோ, "இது பரவாயில்லையே, கேட்கிற மாதிரி இருக்கே" என்கிறார்கள். பாட்டு நன்றாக இருப்பதும் தெரிகிறது, அந்தப் பாராட்டு சுருக்கென்று தைப்பதும் தெரிகிறது. தனக்கென்று வைத்திருந்த எல்லைக்கல்லைக் குழுவே பிடுங்கிப் போட்டுவிட்டது.

வயதும் சேர்ந்துகொள்கிறது. 2009-இல் கல்லூரியில் இருந்தவர் 2014-இல் 'பேல் கம்யூனியன்' வந்தபோது வேலையில் இருந்திருப்பார். அந்த ஆல்பம் 2011-ஐவிட நன்றாகக் கட்டப்பட்டது. மெட்டுகள் நிற்கின்றன, குரல்கள் அடுக்கடுக்காக வருகின்றன. கேட்பவருக்கும் இப்போது வேறு காது. பிடித்துப்போகிறது. பிடித்ததை ஒத்துக்கொண்டால் தானும் மாறிவிட்டதாக ஆகிவிடுமே என்ற தயக்கமும் வருகிறது. குழு மீதான கோபத்தில் ஒரு பகுதி இந்தத் தயக்கம்தான் என்று நினைக்கிறேன். அதை வெட்கப்பட வேண்டிய விஷயமாக நான் பார்க்கவில்லை. பழைய ஆல்பத்துக்காக ஏங்குவதும் புதியதில் மூழ்குவதும் ஒரே காதுக்குள் நடக்கலாம். இதில் எது என் உண்மையான கருத்து என்று தீர்ப்புச் சொல்லச் சொல்லி யாரும் யாரையும் நெருக்க வேண்டியதில்லை.

2024-க்குப் பிறகு

2011, 2014, 2016, 2019 என்று நான்கு ஆல்பங்கள் உறுமல் இல்லாமல் வந்தன. 2024 நவம்பர் 22-இல் 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' வந்தது. 16 வருடத்துக்குப் பிறகு ஸ்டூடியோ ஆல்பத்தில் உறுமல் திரும்பியது. கதை ஓர் உயிலைப் பற்றியது. முதல் உலகப்போருக்குப் பிந்தைய காலம். செல்வந்தரான குடும்பத் தலைவர் இறந்துபோகிறார். பிள்ளைகள் முன்னால் உயிலை வாசிக்கிறார்கள். யார் யாருக்குப் பிறந்தவர் என்ற ரகசியங்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. முதல் ஏழு பாடல்களுக்குத் தலைப்பு கிடையாது, உயிலின் பத்திகளைப் போல எண் மட்டும்தான். ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் இதில் பேசவும் புல்லாங்குழல் வாசிக்கவும் செய்கிறார். பங்காளிகள் ஒத்துவராமல் பெரிய வீடுகள் பூட்டிக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்த செட்டிநாட்டு ரசிகருக்கு இந்தக் கதையை யாரும் விளக்கத் தேவையில்லை.

இந்த ஆல்பம் வந்ததும் சண்டை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஏன் என்பதை மேலே சொன்ன அடுக்குகளை வைத்தே பார்க்கலாம்:

1. குரலுக்காக வந்தவர்கள் கொண்டாடுகிறார்கள். உறுமல் அப்படியே இருக்கிறது; கதையின் ஆத்திரத்துக்கு இடம் பார்த்து வருகிறது.

2. கிட்டாரின் கனத்துக்காக வந்தவர்கள் முழுத் திருப்தி அடையவில்லை. ஒலி 2001-க்குத் திரும்பவில்லை. ப்ராக் ராக் சாயல் அப்படியே தொடர்கிறது.

3. நீண்ட, போக்கு மாறும் பாடல்களுக்காக வந்தவர்களுக்கு 2014-இல் இருந்தே பெரிய குறை இல்லை. இந்த ஆல்பம் அவர்களுக்கு இன்னொரு படி.

4. நான்காவதாகப் புதுக் கூட்டம் ஒன்று இருக்கிறது. 2014-க்குப் பிறகு உள்ளே வந்தவர்கள். உறுமலே இல்லாத ஓபெத்தைத்தான் ஓபெத் என்று அறிந்தவர்கள். அவர்களுக்கு இப்போதுதான் குழு பாணியை மாற்றியிருக்கிறது. "நல்லாத்தானே பாடிட்டிருந்தார், திடீர்னு ஏன் இது?" என்று கேட்கிறார்கள். 2011-இல் மூத்தவர்கள் பட்ட வருத்தம் இன்று இவர்கள் முறைக்கு வந்திருக்கிறது. அதைக் கேட்டு மூத்தவர்கள் சிரிக்காமல் இருந்தால் நல்லது.

மேடையில் இதன் விளைவு நல்லதாகவே இருக்கிறது. இரண்டு காலத்துப் பாடல்களும் ஒரே இரவில் வருவதால் இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் நிற்க முடிகிறது. புதிதாகக் கேட்க நினைப்பவர்களுக்கு என் யோசனை, ஆண்டு வரிசையில் போக வேண்டாம். முதலில் 2003 'டாம்னேஷன்', அப்புறம் 2001 'பிளாக்வாட்டர் பார்க்', பிறகு 2014 'பேல் கம்யூனியன்', கடைசியாக 2024. 'ஹெரிட்டேஜ்' ஆல்பத்தை இந்த நான்கையும் கேட்டு முடித்த பின் எடுத்தால் போதும். அப்போது அது எங்கே இருந்து வந்தது, எங்கே போக நினைத்தது என்பது காதுக்கே பிடிபடும்.